ஹட்ச்பாக்குக்கு ஒரு சொல்: படலையா, தட்டியா?

[கிளிநொச்சியிலிருந்து]

எல்லோருக்கும் வணக்கம்.

மோட்டார் மெக்கானிக் படிக்கும் பிள்ளைகளுக்கு நான் வகுப்பு எடுப்பது இங்கே பழைய ஆட்களுக்குத் தெரியும். போன கிழமை பலகையில் ஹட்ச்பாக் என்று எழுதிவிட்டுத் திரும்ப முன்னமே முன்வாங்குப் பெடியன் ஒருவன் எழும்பினான். "சேர், ஹட்ச் எண்டா குஞ்சு பொரிக்கிறதெல்லோ? அப்ப இது முதுகிலை குஞ்சு பொரிக்கிற காரோ?" வகுப்பு முழுக்கச் சிரிப்பு, நானும் சிரித்துவிட்டேன். ஆனால் அவனில் பிழை இல்லை. அவன் படித்த ஆங்கிலப் புத்தகத்தில் அந்தச் சொல் கோழியோடுதான் வந்திருக்கும்.

விசயம் இதுதான். பிள்ளைகளின் கையேட்டுக்கு வொக்ஸ்வாகன் கோல்ஃப் பற்றி ஒரு கட்டுரை எழுதுகிறேன். 1974இல் வந்து இன்றைக்கும் ஓடும் கார், எட்டுத் தலைமுறை ஆகிவிட்டது, ஒரு குடும்பக் கார் காலத்தோடு எப்படி மாறியது என்று காட்ட அதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. அதற்கு இரண்டு சொல் வேண்டும். ஒன்று ஹட்ச்பாக். மற்றது, அதே குடும்பக் காரில் வலுக் கூடிய எஞ்சினைப் போட்டு, பதித்து, இறுக்கி விற்கிற வகை, ஆங்கிலத்தில் ஹொட் ஹட்ச் என்பார்கள். சூடான பின்கதவு என்று மட்டும் யாரும் எழுதி அனுப்ப வேண்டாம்.

காரில் பழக்கம் இல்லாதவர்களுக்கு: சாதாரணக் காரை மூன்று பெட்டியாக நினையுங்கள், முன்னால் எஞ்சின், நடுவில் ஆட்கள், பின்னால் டிக்கி. ஹட்ச்பாக்கில் மூன்றாவது பெட்டி தனியாக இல்லை. ஆட்கள் இருக்கும் அறையே பின்னுக்கு நீண்டு, கண்ணாடியோடு சேர்ந்த ஒரு கதவில் முடியும். பிணைச்சல் மேலே, திறப்பதும் மேல்நோக்கி. பின்சீட்டை மடித்தால் உள்ளே ஒரு சின்ன வான்.

[வவுனியாவிலிருந்து]

அண்ணா, இதற்கு ஏன் இவ்வளவு யோசனை? பின்கதவு மகிழுந்து. முடிந்தது.

[முள்ளியவளையிலிருந்து]

தம்பி, முடியவில்லை. பின்கதவு எதற்குத்தான் இல்லை? ஹயஸ் வானுக்குப் பின்கதவு, அம்புலன்ஸுக்குப் பின்கதவு, கூலர் லொறிக்குப் பின்கதவு. ஒன்றை மற்றதிலிருந்து பிரித்துக் காட்டாத சொல்லைக் கலைச்சொல் என்று சொல்ல என் நாக்கு வளையாது. மகிழுந்து பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அதை எழுத்தில் பார்த்திருக்கிறேன், ஒரு மனிதர் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை.

மாணவன் கேட்ட ஹட்ச் வேறு, இந்த ஹட்ச் வேறு. ஓசை மட்டும்தான் ஒன்று. காரில் உள்ள ஹட்ச், பழைய ஆங்கிலத்தில் வேலியில் வைக்கும் சின்னக் கதவு, அரைக்கதவு. பிறகுதான் அது கப்பலின் மேற்தளத் திறப்புக்குப் போனது. வேலியில் வைக்கும் கதவுக்கு எங்களிடம் சொல் இல்லையா? படலை! மூலப்பொருளே பொருந்துகிறது, கடனும் வாங்க வேண்டாம். ஆகவே பின்படலை, பின்படலைக் கார்.

(ஓய்வு பெற்ற தமிழ் ஆசிரியர் எழுதுகிறார் என்பதற்காக எல்லோரும் ஆமாம் போட வேண்டியதில்லை.)

[ஒட்டுசுட்டானிலிருந்து]

மாஸ்ரர், நீங்களே சொன்னபடியால் ஆமாம் போடாமல் எழுதுகிறேன்.

படலை அழகான சொல். ஆனால் படலை பக்கவாட்டில் திறக்கும். அப்படித் திறக்கும் கார் உண்மையிலேயே இருந்தது: மொரிஸ் மைனரில் ட்ரவலர் என்று, பின்பக்கம் மரச்சட்டம் போட்டு, அலுமாரி மாதிரி இரண்டு கதவு இடமும் வலமும் விரியும். அதைப் படலைக்கார் என்று சொன்னால் நானே கைதட்டுவேன். கோல்ஃபை அப்படிச் சொல்ல முடியாது, அதன் கதவு மேலே போகிறது.

எனக்கு வேறு ஒரு சொல் இருக்கிறது. அது நான் ஆக்கியதும் இல்லை. தட்டிவான் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும்தானே, மரப்பெட்டி கட்டிய பழைய வான், பின்னால் சங்கிலியில் தொங்கும் பலகைத் தட்டி, அதிலே வாழைக்குலையும் கடகமும் ஏறும், இடம் இல்லாவிட்டால் ஆட்களும் ஏறுவார்கள். அந்த வாகனத்துக்குப் பெயர் வைத்தவர் யார்? குழுவும் இல்லை, திணைக்களமும் இல்லை. பின்பக்கம் எப்படித் திறக்கிறது என்பதைப் பார்த்து சனம் வைத்த பெயர். ஹட்ச்பாக் என்ற சொல்லிலும் நடந்தது அதேதான், வாகனத்தின் முழு அடையாளத்தையும் அதன் பின்பக்கத்தில் தொங்கவிட்டார்கள். இங்கிலீசுக்காரர் செய்ததை எங்கள் சந்தை வியாபாரிகள் தங்கள் பாட்டில் செய்து வைத்திருக்கிறார்கள், நாங்கள்தான் அகராதியைப் புரட்டுகிறோம். ஆகவே தட்டிக்கார்.

தட்டிவானின் தட்டி கீழே விழும், இது மேலே எழும்பும் என்று மாஸ்ரர் எழுதப்போகிறார். அதற்கும் மறுமொழி வைத்திருக்கிறேன்.

எங்கள் வீட்டில் ஒரு பழைய ரொயோட்டா ஸ்டார்லட் நிற்கிறது. 2020இல் வாகன இறக்குமதி நின்ற பிறகு புதிது வாங்கும் எண்ணத்தை விட்டு, இருப்பதையே பார்த்துப் பார்த்து ஓட்டுகிறோம். பின்கதவைத் தாங்கும் இரண்டு தண்டும் எப்போதோ செத்துவிட்டன, கையை விட்டால் கதவு தலையில் விழும். அதனால் அப்பா ஒரு பூவரசங்கம்பை அளவாக வெட்டி, நுனியில் பழைய ரியூப் துண்டைச் சுற்றி, டிக்கிக்குள்ளேயே வைத்திருக்கிறார். விடிய நாலரைக்குப் பயிற்றங்காய்க் கட்டும் இரண்டு மூட்டை கத்தரிக்காயும் ஏற்றும்போது கதவை உயர்த்திக் கம்பை முட்டுக் கொடுப்பார். நேற்று தள்ளி நின்று பார்த்தேன். ரோட்டோரத் தேத்தண்ணிக் கடைக்காரர் காலையில் கிடுகுத் தட்டியை உயர்த்தித் தடி முட்டுக் கொடுப்பாரே, அச்சொட்டாக அதேதான். கடைத்தட்டி மேலேதான் எழும்பும் மாஸ்ரர்.

இன்னொன்று. போர்க்காலத்தில் பெற்றோல் கிடைக்காமல் மண்ணெண்ணெயில் கார் ஓடிய காலத்தில், சொட்டுப் பெற்றோலில் ஸ்டார்ட் செய்து புகைத்துக்கொண்டு போன பழைய ஒஸ்ரின்களில் ஏ40 ஃபரீனா என்ற இனம் உண்டு. இத்தாலியின் பினின்ஃபரீனா நிறுவனம் வடிவமைத்து 1958இல் வந்தது. அடுத்த ஆண்டே கன்ட்ரிமன் என்று ஒரு வகை விட்டார்கள், அதில் பின்கண்ணாடி மேலே எழும்பும், அதன் கீழ்ப்பாதி கீழே விழும். ஒரே காரில் கடைத்தட்டியும் வான்தட்டியும்! கோல்ஃபுக்கு 15 வருடம் முந்தியது. அண்ணா, கட்டுரையை அங்கே இருந்து தொடங்குங்கள்.

[முள்ளியவளையிலிருந்து]

தங்கச்சி, பூவரசங்கம்புக்கு முன்னால் நான் என்ன பேசுவது? தட்டியை ஏற்கிறேன். படலையை மொரிஸ் மைனருக்கு வைத்துக்கொள்கிறேன்.

ஒரு எச்சரிக்கை மட்டும். வெதுப்பகம் வன்னியில் நிலைத்தது ஏன்? பலகையில் எழுதி, அதற்குக் கீழே பாணை வைத்து விற்றார்கள். உந்துருளி பத்திரிகைச் செய்தியோடு நின்றுவிட்டது, வீட்டில் இப்பவும் மோட்டச்சைக்கிள்தான். தட்டிக்கார் எந்தப் பக்கம் போகும் என்பது கராஜில்தான் தெரியும்.

[கிளிநொச்சியிலிருந்து]

சரி, தட்டிக்கார் என்றே எழுதுகிறேன். தங்கச்சிக்கு நன்றி, அப்பாவின் கம்புக்கும்.

இப்போது கஷ்டமான சொல், ஹொட் ஹட்ச். கோல்ஃபின் கதையைக் கொஞ்சம் சொல்லாமல் இது பிடிபடாது.

கோல்ஃபை வரைந்தவர் ஜியோர்ஜெற்றோ ஜியுஜாரோ, இத்தாலிக்காரர். அதற்கு முந்திய பீற்றிலுக்கு எஞ்சின் பின்னால், காற்றில் குளிர்வது. இதற்கு எஞ்சின் முன்னால், குறுக்காகப் படுத்திருக்கும், தண்ணீரில் குளிரும், முன்சில்லுகளே இழுக்கும். பின்பக்கம் முழுக்க ஆளுக்கும் சாமானுக்கும் விடுபட்டது இதனால்தான், தட்டி வைக்க வசதி வந்ததும் இதனால்தான். ஆகக் குறைந்த எஞ்சின் 1.1 லீற்றர், 50 குதிரைவலு. பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் ஏற்றி இறக்க அது காணும்.

அப்புறம் அந்தக் கொம்பனிக்குள்ளேயே சில பொறியியலாளர்கள், மேலிடம் கேட்காத வேலையாக, இதே காருக்கு எரிபொருளை உள்ளே பீச்சும் 1.6 லீற்றர் எஞ்சினைப் போட்டுப் பார்த்தார்கள். 110 குதிரைவலு. 1975இல் ஃபிராங்ஃபேர்ட் கண்காட்சியில் காட்டி, 1976இல் ஜிரிஐ என்ற பெயரில் விற்பனைக்கு விட்டார்கள். எடை ஏறக்குறைய 810 கிலோ, உச்ச வேகம் மணிக்கு 182 கிலோமீற்றர். 5,000 செய்து விற்றால் போதும் என்பதுதான் கணக்கு. முதல் தலைமுறை முடியும்போது 4,60,000க்கு மேல் விற்றிருந்தது. உள்ளே கட்டம் போட்ட சீட்டுத் துணியும் கோல்ஃப் பந்து மாதிரிக் கியர்ப்பிடியும் கன்ஹில்ட் லில்யெக்விஸ்ட் என்ற பெண் வடிவமைப்பாளரின் யோசனை. அந்தச் சீட்டைப் படத்தில் காட்டினேன், பெடியள் "சேர், சாரம்!" என்றார்கள்.

பிறகு வந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1983இல் இரண்டாம் தலைமுறை, அதில் 16 வால்வ் எஞ்சின், 139 குதிரைவலு. 1991இல் மூன்றாவது, அதன் சாதாரண ஜிரிஐக்கு 115தான், முதலாவதை விட ஐந்து கூட, எடையோ 200 கிலோவுக்கு மேல் கூட, பெயர் கெட்டது அங்கேதான். நாலாவதில் 2002இல் ஆர்32, 3.2 லீற்றர், 241 குதிரைவலு, நாலு சில்லும் இழுக்கும். ஐந்தாவதில் ரேபோ (புகையின் வேகத்தால் சுழன்று எஞ்சினுக்குள் காற்றை அமுக்கும் கருவி) போட்டு 200, அப்போதுதான் ஜிரிஐக்கு மரியாதை திரும்பி வந்தது. இப்போதைய எட்டாவதில் ஜிரிஐ 245, ஆர் 320 என்று தொடங்கியது.

ஹொட் ஹட்ச்சுக்கு நான் வைத்திருக்கும் சொல் முடுகுதட்டி. எங்கள் பாடப்புத்தகத்தில் ஆர்முடுகல், அமர்முடுகல் என்று பிள்ளைகள் படித்தே வருகிறார்கள், தமிழ்நாட்டிலும் முடுக்கம் என்பதால் அங்கேயும் விளங்கும். காவடிச்சிந்தில் முடுகு வந்தால் தாளம் எப்படிப் பறக்கும் என்று மாஸ்ரருக்குத் தெரியும். வலுக் கூடிய வகை எதையும் முடுகுவகை என்று சொல்லவும் வசதி.

[வவுனியாவிலிருந்து]

என் பின்கதவு மகிழுந்தைக் கொன்றுவிட்டீர்கள், பரவாயில்லை. இதில் விடமாட்டேன்.

அண்ணா, முடுகல் என்றால் நேர்கோட்டில் வேகம் கூடுவது என்றுதான் பிள்ளைகளுக்குத் தோன்றும். நேர்கோட்டில் மட்டும் பாய்கிற கார் எத்தனையோ உண்டு, அவை இந்த இனம் இல்லை. நீங்களே எழுதிய கணக்கைப் பாருங்கள், 110 ஒன்றும் பெரிய வலு இல்லை, 810 கிலோதான் விசயம். பாரம் குறைவு, திருப்பத்தில் சொன்னபடி கேட்கும், மூன்றாவது தலைமுறை வலுவில் குறையாமலே பெயரைக் கெடுத்துக்கொண்டது எடையால்தான். டைஹற்சு ஷரேட் ஜிரிரிஐ என்று 1987இல் ஒன்று வந்தது, 993 சிசி, மூன்று சிலிண்டர், ரேபோ போட்டு 100 குதிரைவலு. வகுப்பில் ஆகச் சின்னவன், ஆனால் ஒரு இடத்தில் இருக்கமாட்டான். அப்படிப் பிள்ளையை எங்கள் அம்மம்மா என்ன சொல்லுவா? துடியன். துடியாட்டமான பிள்ளை. ஆகவே துடித்தட்டி.

சண்டித்தட்டி என்று நண்பன் ஒருவன் சொன்னான். வயலுக்குள் படுத்துக்கொண்டு எழும்பாத மாட்டைத்தான் சண்டிமாடு என்கிறோம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

[ஒட்டுசுட்டானிலிருந்து]

துடிக்கு என் வாக்கு. ஆனால் துடித்தட்டி என்று வேகமாகச் சொன்னால் துடித்துத் தட்டிய மாதிரிக் கேட்கிறது. முடுகுதட்டி வாய்க்கு இலகு. உதவி செய்யவில்லை என்று தெரிகிறது, மன்னியுங்கள்.

ஒரு விசயம் எழுத மறந்தேன். ஆஸ்பத்திரிக்கும் கோயிலுக்கும் பொறுமையாகப் போய்வரும் ரொயோட்டா விட்ஸ், ஐரோப்பாவில் யாரிஸ். அந்த வழியில்தான் 2020இல் ஜிஆர் யாரிஸ் வந்தது, 1.6 லீற்றர், மூன்று சிலிண்டர், 261 குதிரைவலு, நாலு சில்லும் இழுக்கும். ஜெர்மன்காரைத் தெரியாத பிள்ளைக்கு வீட்டு வாசலில் நிற்கும் விட்ஸைக் காட்டினால் போதும், இதன் சொந்தக்காரன் இப்படி என்று.

[கிளிநொச்சியிலிருந்து]

இன்றைக்கு வகுப்பில் இரண்டு சொல்லையும் பலகையில் எழுதி, எதையும் விளக்காமல், கோல்ஃபின் இரண்டு படத்தை ஒட்டினேன், 50 குதிரைவலுக் கார் ஒன்று, ஜிரிஐ ஒன்று. தட்டிக்கார் எது என்று கேட்டதற்கு இரண்டும் என்றார்கள், யாரும் தடுமாறவில்லை. முடுகுதட்டி எது என்றதற்குக் கொஞ்சம் யோசித்தார்கள், ஒருவன் மற்றவனைப் பார்த்தான். துடித்தட்டி எது என்றபோது குஞ்சு பொரித்த அதே பெடியன் ஜிரிஐயைத் தொட்டுவிட்டு, "இதிலை முன்னுக்குச் சிவப்புக் கோடு இருக்கு சேர், பார்த்தாலே இருக்கமாட்டான் எண்டு தெரியுது" என்றான்.

ஆகவே கட்டுரையில் ஹட்ச்பாக் தட்டிக்கார், ஹொட் ஹட்ச் துடித்தட்டி. முடுகுவகை என்பதை வேன், மோட்டார்சைக்கிள் எல்லாவற்றுக்கும் பொதுவாக வைத்துக்கொள்கிறேன், வவுனியாத் தம்பி அதற்கும் சண்டைக்கு வரலாம். வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும், அதற்குள் யாருக்காவது மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.

மாஸ்ரர், ஆர்32இல் இரண்டு கிளச் உள்ள கியர்ப்பெட்டி வருகிறது. கிளச்சைக் கிளச்சாகவே விட உத்தரவு தருவீர்களா?