சுவிட்சை அணைத்தால் வாஷிங் மெஷின் பாடியில் வோல்ட்டேஜ் கூடுகிறது, ஏன்?

மழைத்துளி:
வணக்கம். வாஷிங் மெஷினின் தகரப் பகுதியை வெறுங்காலோடு நின்று தொட்டால் சுர்ரென்று இருக்கிறது. செருப்பு போட்டிருந்தால் தெரிவதில்லை. மெஷின் நன்றாகத்தான் ஓடுகிறது, ஆர்சிசிபியும் (கரண்ட் கசிந்தால் தானாக மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச், 30 மில்லி ஆம்பியர்) விழவில்லை. மல்டிமீட்டரின் ஒரு முனையைச் சமையலறை சாக்கெட்டின் எர்த்திலும் மறு முனையை மெஷின் பாடியிலும் வைத்துப் பார்த்தேன். சுவிட்ச் போட்டிருக்கும்போது 112 வோல்ட். அணைத்தால் 220ஐத் தாண்டுகிறது! அணைத்தால் குறையத்தானே வேண்டும்? வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறாள், பயமாக இருக்கிறது.

தாமிரக்கம்பி:
முதல் வேலையாக பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது, நீங்கள் சொன்ன அளவே அதைக் காட்டுகிறது. குழந்தையை அந்தப் பக்கம் விடாதீர்கள். அப்புறம், அந்த சாக்கெட்டில் மெஷின் இல்லாமல் அளந்து சொல்லுங்கள்: பேஸ்-நியூட்ரல், பேஸ்-எர்த், நியூட்ரல்-எர்த். மீட்டர் பழக்கம் இருந்தால் மட்டும் செய்யுங்கள், இல்லையென்றால் எலக்ட்ரீசியனை அழைத்துவிடுங்கள்.

நேர்வழி:
ஆர்சிசிபி விழவில்லையே, அப்படியென்றால் லீக்கேஜ் இல்லை. எர்த் வரவில்லை என்றால் சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு சின்ன வயரால் இணைத்துவிடுங்கள். ஷாக் நின்றுவிடும். நிறைய இடங்களில் இப்படித்தான் செய்கிறார்கள்.

தாமிரக்கம்பி:
மழைத்துளி, தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். பின்னால் எங்காவது நியூட்ரல் கழன்றால், மெஷின் வழியாக வரும் பேஸ் நேராகப் பாடிக்கு ஏறிவிடும். உங்கள் சாக்கெட்டில் பேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருக்கும் என்பது என் சந்தேகம். அது உண்மையென்றால் அந்த வயரைப் போட்ட நொடியிலேயே பாடி முழுக்க 230 வோல்ட்.

ஆர்சிசிபி விஷயம்: போகும் கரண்டும் திரும்பும் கரண்டும் சமமா என்று மட்டும்தான் அது பார்க்கும். எர்த் இல்லாத பாடியிலிருந்து கரண்ட் வெளியே போக வழியில்லை, அதனால் வித்தியாசமும் தெரியாது. யாராவது தொட்ட பிறகு அவர் உடம்பு வழியாகத்தான் வழி கிடைக்கும். விழாததை வைத்து நிம்மதி அடைய முடியாது.

மழைத்துளி:
பிளக்கை எடுத்துவிட்டேன். அளவு: பேஸ்-நியூட்ரல் 231. அந்த சாக்கெட்டின் எர்த்தை வைத்து அளந்தால் முள் ஓரிடத்தில் நிற்காதது போல எண்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன. சமையலறையில் பேஸ்-எர்த் 230, நியூட்ரல்-எர்த் 1.5. இன்னொன்று, மெஷின் சாக்கெட்டில் நியூட்ரல் ஓட்டையில்தான் டெஸ்டர் எரிகிறது, சுவிட்சை அணைத்தாலும் எரிகிறது.

தாமிரக்கம்பி:
அப்படியானால் கதை தெளிவாகிவிட்டது. இரண்டு கோளாறுகள் சேர்ந்திருக்கின்றன: அந்த சாக்கெட்டில் எர்த் அறுந்திருக்கிறது, பேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருக்கின்றன.

மெஷினுக்குள் மின் இரைச்சலைத் தடுக்க ஒரு பில்டர் இருக்கும். அதில் பேஸிலிருந்து பாடிக்கு ஒன்று, நியூட்ரலிலிருந்து பாடிக்கு ஒன்று என இரண்டு சின்ன கெப்பாசிட்டர்கள். எர்த் இருந்தால் அந்தத் துளிக் கரண்ட் தரைக்குப் போய்விடும். எர்த் அறுந்தால் பாடி இரண்டுக்கும் நடுவில் தொங்கும், 230இல் பாதி, அதுதான் உங்கள் 112. இப்போது சுவிட்ச் நியூட்ரலை வெட்டுகிறது. அணைத்ததும் நியூட்ரல் பக்கம் துண்டாகிறது, பேஸ் பக்கக் கெப்பாசிட்டர் மட்டும் பாடியை மேலே இழுக்கிறது. அதனால்தான் 220.

இந்தக் கரண்ட் பொதுவாக 1 மில்லி ஆம்பியருக்கும் கீழே, சுர்ரென்றதோடு முடியும். ஆனால் மோட்டாரிலோ ஹீட்டரிலோ இன்சுலேஷன் போனால் அதே பாடியில் எந்தத் தடையும் இல்லாமல் கரண்ட் வரும். 10 மில்லி ஆம்பியரைத் தாண்டினாலே கையை விடுவிக்க முடியாமல் போகலாம். எர்த் இல்லாத மெஷினின் உண்மையான ஆபத்து அதுதான்.

பிளக் வெளியே இருக்கும்போது அதன் எர்த் முனைக்கும் பாடிக்கும் நடுவே ஓம் பாருங்கள். கிட்டத்தட்ட 0 வந்தால் வயர் நன்றாக இருக்கிறது, கோளாறு சுவருக்குள். சாக்கெட்டை நீங்கள் கழற்ற வேண்டாம், மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீசியன் செய்யட்டும்.

மழைத்துளி:
0.3 ஓம் காட்டியது. இன்று எலக்ட்ரீசியன் வந்து பார்த்தார். எர்த் வயர் திருகிலிருந்து கழன்று பின்பக்கம் மடங்கிக் கிடந்தது, பேஸும் நியூட்ரலும் நீங்கள் சொன்னபடியே மாறியிருந்தன. இரண்டையும் சரிசெய்துவிட்டு, பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 40 வாட் டெஸ்ட் லேம்ப் வைத்தார், ஆர்சிசிபி சட்டென்று விழுந்தது. இப்போது பாடியில் வோல்ட்டேஜ் ஏதும் காட்டவில்லை. மனமார்ந்த நன்றி அண்ணா. மெஷினை இனி ஓட்டலாமா?

தாமிரக்கம்பி:
நல்ல சோதனை செய்திருக்கிறார். 40 வாட் பல்பு சுமார் 170 மில்லி ஆம்பியர் இழுக்கும், எர்த் உயிரோடு இருந்தால்தான் ஆர்சிசிபி விழும். ஆர்சிசிபியில் உள்ள டெஸ்ட் பட்டன் எர்த்தைச் சோதிக்காது, இதையும் நினைவில் வையுங்கள்.

ஓட்டுவதற்கு முன் 500 வோல்ட் மெகர் (இன்சுலேஷனை அளக்கும் கருவி) வைத்து மெஷினை ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். பேஸையும் நியூட்ரலையும் சேர்த்துப் பிடித்து, பாடிக்கு எதிராக 1 மெகா ஓமுக்கு மேல் வந்தால் தாராளமாக ஓட்டலாம். ஹீட்டர் உள்ள மெஷின் என்றால் இதை விட்டுவிடாதீர்கள். அதே கையால் போட்ட வேறு சாக்கெட்டுகள் இருந்தால், குளியலறை கீசருடையதை முதலில் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.