பொருள்: ரூலெட்டட் பானைக்குத் தமிழ்ப் பெயர் – அவசரம்

லாஸ்பேட்டையிலிருந்து:
பள்ளிக் கண்காட்சிக்காக, புதுச்சேரி அருகேயுள்ள பழந்துறைமுகமான அரிக்கமேட்டைப் பற்றி விளக்கப் பலகைகள் எழுதுகிறேன். வியாழக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். அங்கே கிடைத்த வழவழப்பான மெல்லிய தட்டு, உள்பக்கம் வட்டம் வட்டமாகப் பொடிக்கீறல். ஆங்கிலத்தில் ‘ரூலெட்டட்’. ‘சக்கரப் பதிவுக் கலம்’ என்று போடலாமா?

முத்தியால்பேட்டையிலிருந்து:
ஐயா, சக்கரம் வடசொல். உருள், உருளை, உருண்டை எல்லாம் ஒரே வேர். ‘உருளிவரிக் கலம்’ என்க. கலம் என்றால் பாண்டம், கப்பல், அணி மூன்றும் உண்டு. புறநானூற்றில் ‘யவனர் நன்கலம் தந்த’ தேறல் வருகிறதே, அந்த நன்கலம் கப்பலா குப்பியா என்பதையே தனி இழையில் பேசலாம்.

கடலூர் முதுநகரிலிருந்து:
அந்த இழை வேண்டாம் ஐயா! எங்கள் வீட்டில் உருளி என்றால் பாயசம் வைக்கும் வெண்கலப் பாத்திரம். பிள்ளைகளுக்கும் அதுதான் தோன்றும். ரூலெத் என்றால் பிரெஞ்சில் சிறு சக்கரம். ‘ரூலெட் கலம்’ என்றே விட்டால் என்ன?

வில்லியனூரிலிருந்து:
சக்கரமே இல்லையென்றால்? 1945இல் அரிக்கமேட்டைத் தோண்டிய தொல்லியலாளர் வீலர் இதைக் கடல் கடந்து வந்த சரக்கு என்று நினைத்தார். பின்னால் அங்கே தோண்டிய தொல்லியலாளர் விமலா பெக்லி, யவன நாட்டுக் கீறல் முறையைப் பார்த்து இங்கேயே செய்தது என்று வாதிட்டார். களிமண் ஆய்வுகளும் இந்திய மண்ணையே காட்டின. பாலித் தீவின் செம்பிரான் வரை போயிருக்கிறது. பல்சக்கரம் உருட்டித்தான் செய்தார்கள் என்பதும் உறுதியில்லை. பாதி காய்ந்த தட்டு குயவரின் திகிரியில் சுற்றும்போது, வளையும் தகடு ஒன்றை லேசாக வைத்தால் அது துள்ளித் துள்ளிக் கொத்தும். இதே வரி விழும். இங்கே ஒரு குயவரிடம் படத்தைக் காட்டினேன். “தகடு துள்ளியிருக்கு” என்றார், டீ ஆறுவதற்குள். ‘துள்ளுவரிக் கலம்’ என்கிறேன்.

முத்தியால்பேட்டையிலிருந்து:
துள்ளல் கலிப்பாவின் ஓசை. பானைக்கு எதற்கு? செய்முறையே முடிவாகாதபோது அதைப் பெயரில் ஏற்றலாமா?

வில்லியனூரிலிருந்து:
அப்படியானால் உங்கள் உருளியும் போக வேண்டும், ஐயா.

லாஸ்பேட்டையிலிருந்து:
சரி, துள்ளுவரிக்கு மூன்று பேர் கை தூக்கினார்கள், இருவர் தனி மடலில். ஆனாலும் எனக்குத் துணிச்சல் வரவில்லை. ‘பொடிவரித் தட்டு’ என்று கொடுத்துவிட்டேன், பக்கத்தில் ரூலெட்டட். கண்ணுக்குத் தெரிவதை மட்டும் சொல்கிறது. அப்புறம், முதல் படியில் ‘ரோமானிய இறக்குமதி’ என்று எழுதியிருந்தேன். அதை அடித்துவிட்டேன்.

முத்தியால்பேட்டையிலிருந்து:
தட்டு அன்று, கலம். என் மறுப்பைப் பதிந்து வைக்கவும்.