மறுமொழி: ‘கமாண்ட்’டுக்குத் தமிழ்ல என்ன வைக்கலாம்?

> படைத்தளம்னே போட்டுடலாமே, பேப்பர்லயும் அப்படித்தானே எழுதுறாங்க

வணக்கம் அண்ணா,

‘கமாண்ட்’னா இங்க, அமெரிக்கா ஒரு பகுதிக்குன்னு தன் படைகளை ஒரே தளபதிக்குக் கீழ வைக்கிற அமைப்பு. தளம்னு போட்டா அவங்களோட ஆப்பிரிக்கா கமாண்டுக்குப் பொருளே மாறிடும். அதோட தலைமையகம் ஆப்பிரிக்காலயே இல்ல, ஜெர்மனில ஸ்டுட்கார்ட்ல இருக்கு, ஆனா அது பாக்குற எல்லை எகிப்து நீங்கலா மொத்த ஆப்பிரிக்காவும். நிஜமான தளம்னா ஜிபூட்டில இருக்கற கேம்ப் லெமோனியேதான், அது இந்த கமாண்டுக்குக் கீழ வருது. நேத்து ஒரு பத்தி எழுதிப் பாத்தேன், “தளத்தின் கீழுள்ள தளம்”னு வந்து நின்னுச்சு, அதுக்கு மேல நகரவே முடியல.

படைத்தலைமையகம்னு இன்னொருத்தர் சொன்னதும் எனக்கு ஒப்பல. ஆளு, கப்பல், விமானம் எல்லாம் தரைப்படை, கடற்படை, விமானப்படைன்னு அந்தந்தப் படை குடுக்கறது, இத்தாலில நேப்பிள்ஸ்ல இருக்கற கடற்படைக் கிளையும் ஜெர்மனில ராம்ஸ்டைன்ல இருக்கற விமானப்படைக் கிளையும் ஐரோப்பா கமாண்டுக்கும் சேத்தே வேலை பாக்குது. அப்புறம் முதல் தளபதி வில்லியம் வார்டுக்கு ரெண்டு துணை இருந்தாங்க, ஒருத்தர் கடற்படை அதிகாரி, இன்னொருத்தர் மேரி யேட்ஸ், அவங்க வெளியுறவுத் துறைத் தூதர், சீருடையே போடாதவங்க. அவங்களையும் படைக்குள்ள எப்படி அடக்குறது?

இங்க முக்கியம் அதிகாரம்தான். உத்தரவு அதிபர்கிட்டேருந்து பாதுகாப்பு அமைச்சருக்கு, அங்கேருந்து நேரா இந்தத் தளபதிக்கு. படைகளோட அதிகார வரிசையை மாத்தி அமைச்ச 1986 கோல்ட்வாட்டர்-நிக்கல்ஸ் சட்டத்துக்கு அப்புறம், நாட்டோட மூத்த படை அதிகாரியான கூட்டுப்படைத் தளபதிகள் குழுத் தலைவர்கூட ஆலோசனைதான் சொல்லலாம், அந்த வரிசைல அவர் கிடையாது.

அதனால நான் சொல்றது கட்டளைப்பீடம். இலங்கைத் தமிழ்ச் செய்திகள்ல ஏற்கனவே புழங்குற சொல்லு. கட்டளையகம்னா ஒரு கட்டடம்தான் கண்ணுல வருது. பீடம் அப்படி இல்ல, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துல கலைப்பீடம், மருத்துவபீடம்னா கட்டடத்தையா சொல்றாங்க, தலைவர், ஆளுங்க, அதிகாரம் எல்லாம் சேந்த அமைப்பைத்தானே. வெறும் ‘கட்டளை’ கம்ப்யூட்டர்காரங்களுக்கும் உத்தரவுக்கும் அப்படியே இருக்கட்டும்.

வாய்விட்டுப் படிச்சுப் பாருங்க: “2008 அக்டோபர் 1 முதல் ஆப்பிரிக்கக் கட்டளைப்பீடம் தனித்து இயங்குகிறது. அதற்கு முன் அக்கண்டம் ஐரோப்பிய, மத்திய, பசிபிக் கட்டளைப்பீடங்களிடையே பிரிந்திருந்தது.” எனக்கு எங்கயும் இடறல.

நேப்பிள்ஸ், ராம்ஸ்டைன் மாதிரி கிளைகளுக்குத்தான் இன்னும் சொல்லு அமையல. உறுப்புப்பீடம்னா மருத்துவச் சொல்லு மாதிரி கேக்குது, கிளைப்பீடம் சரியா வருமா?