காம்பவுண்டு சுவரில் கொடி வளர்த்தவர்கள் சொல்லுங்கள்

மதுரை, மேற்கு பார்த்த சுவர்

எங்கள் வீட்டில் இருப்பது ஃபைக்கஸ் க்ரீப்பர். கம்பி, ஆணி எதுவும் வேண்டாம், தண்டிலேயே வேர் விட்டு சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறிவிடும். முதல் வருஷம் உயிர் இருக்கிறதா என்று சந்தேகம் வரும் அளவுக்கு அப்படியே கிடக்கும், அதற்காகப் பிடுங்கிப் போட்டுவிடாதீர்கள், பிடித்துக்கொண்ட பிறகு கத்தரியோடு நாம்தான் பின்னால் ஓட வேண்டும். உச்சியைத் தொட்டதும் சுவரை விட்டு வெளியே நீட்டிக்கொண்டு கட்டைக் கிளைகள் வரும், இலை பெரிசாகும், காயும் காய்க்கும் (அத்திக் குடும்பம்தானே). அவற்றை அவ்வப்போது வெட்டினால்தான் சுவரோடு ஒட்டிய சின்ன இலை நிற்கும். பிறகு எடுத்துவிடலாம் என்ற எண்ணத்தில் மட்டும் இதை வைக்காதீர்கள். பிய்த்தால் வேர்த்தடம் அப்படியே நிற்கும், பூச்சு பலமில்லாத இடத்தில் சிமெண்டும் சேர்ந்து வரும். வீட்டுச் சுவருக்குக் கூடவே கூடாது என்பது என் கட்சி.

தஞ்சாவூர் பக்கம், கம்பி வேலி

வேலி என்றாலே ரங்கூன் மல்லியைச் சொல்கிறார்கள். வெள்ளையாகப் பூத்து ரோஸாகி சிவப்பாகும், சாயங்கால வாசம், எல்லாம் சரி. ஆனால் பக்கத்து வீட்டில் அது உள்ளே கட்டை கட்டி, ஐப்பசி மழையில் நனைந்த பாரத்தோடு காற்றும் சேர்ந்து இரும்புக் கம்பத்தையே சாய்த்துவிட்டது. கல்தூண் இருந்தால் வையுங்கள். எங்கள் வேலியில் சங்குப்பூவும் கோவையும்தான். கோவையில் ஆண் கொடி தனி, அது பூக்கும், காய்க்காது, அதனால் காய்த்துக்கொண்டிருக்கிற கொடியிலிருந்து தண்டு வாங்கி ஊன்றுங்கள். சித்திரை வெயிலிலும் தண்ணீர் காட்டினால் பச்சை குறையாது, பொரியலுக்கும் ஆச்சு.

கோயம்புத்தூர்

கர்ட்டன் க்ரீப்பரை யாரும் சொல்லவில்லையே! அதைச் சுவர் அடியில் நட்டுவிட்டு ஏறவில்லை என்று திட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மாடிக் கைப்பிடிச் சுவரில் தொட்டி வைத்துக் கீழே தொங்க விடுங்கள். சுவரை அது பிடித்துக்கொள்வதே இல்லை, பெயிண்ட் அடிக்கும்போது ஒதுக்கிக் கட்டிக்கொள்ளலாம். பூவுக்காக வைப்பதென்றால் வேறு பாருங்கள்.

அப்புறம், பாம்பு வருமா என்று கேட்பவர்களுக்கு: எந்தக் கொடியானாலும் அடியில் ஒரு முழத்துக்கு இலையைக் கழித்து, சருகைக் கூட்டிவிடுங்கள். எலி தங்க இடமில்லை என்றால் பாம்புக்கு அங்கே என்ன வேலை?