டெட்ரிஸும் மரியோவும் ஒரே ஸ்ருதியில்: எங்க வீட்டு வாட்ஸ்அப் குழு

*குழு: கும்பகோணம் வீடு*

திங்கள்

நித்யாக்கா: எல்லாரும் பாருங்க, கேம் பாட்டைக் கலந்து புதுப் பாட்டு பண்ற போட்டிக்கு சீட்டு குலுக்கியாச்சு. நம்ம டீமுக்கு டெட்ரிஸ். 1989-ல கேம்பாய்ல, அந்தக் கையில வச்சு ஆடற நின்டெண்டோ பெட்டில வந்துச்சே, அதுல ஏ-டைப்னு பேர் போட்ட பாட்டு. எதிர் டீமுக்கு சூப்பர் மரியோ பிரதர்ஸ்ல குழாய்க்குள்ள இறங்கினதும் வர்ற பாதாளப் பாட்டு.

கார்த்தி: சூப்பர் அக்கா! விதி என்ன, போன தடவை மாதிரிதானா?

நித்யாக்கா: ஆமா. ரெண்டு டீமும் ரெண்டு பாட்டையும் சேர்த்து ஒரே பாட்டா பண்ணணும். அடுத்த திங்கள் ராத்திரிக்குள்ள கொடுத்துடணும். கேக்குறவங்களுக்கு ரெண்டும் அடையாளம் தெரியணும். பழைய மெட்டை அப்படியே வச்சுட்டு வாத்தியத்தை மட்டும் மாத்தினா செல்லாது.

பெரியம்மா: நித்யா, சாப்டியா? அங்க மணி என்ன?

நித்யாக்கா: சாப்டேன்மா. இங்க காலைல எட்டு.

சித்தப்பா: டெட்ரிஸ்னா அந்த செங்கல் அடுக்கற கேம்தானே? ஆதி என் போன்ல ஆடுவானே.

ஆதி: ஆமாப்பா. ஆனா பழைய கேம்பாய் பாட்டு வேற. கார்த்தி அண்ணா, போடுங்க.

கார்த்தி: 🎵 *ஆடியோ*

அத்தை: இது ரஷ்யாக்காரங்க நாட்டுப்புறப் பாட்டு மாதிரி இருக்கே.

நித்யாக்கா: அதேதான் அத்தை! கொரோபெய்னிகின்னு பேரு. 1861-ல நெக்ராசவ் எழுதின கவிதை அது, அப்புறம் ஜனங்க வாயில பாட்டாயிடுச்சு. கேமை உருவாக்கின பஜித்னோவும் மாஸ்கோக்காரர். கேம்பாய்க்கு இதை அமைச்சுக் கொடுத்தது நின்டெண்டோல இருந்த ஹிரோகாசு தனாகா.

அத்தை: இன்னொரு தடவை கேட்டேன். ப ரி க ம க ரி ச, ச க ப ம க ரி. அதுக்கப்புறம் ம த ச நி த ப. மேல் ஷட்ஜத்தைத் தொட்டுட்டு இறங்கறப்ப கைசிகி நிஷாதம், அதாவது தாழ்ந்த நி. சுத்தமான நடபைரவி ராகம். வீணையில நல்லா உக்காரும்டா கார்த்தி.

கார்த்தி: அத்தை, நீங்க வாசிக்கிறீங்களா? நிஜமாவா?

அத்தை: ஏன் வாசிக்கக்கூடாது? ஆனா என் வீணையோட ஸ்ருதி மூணு கட்டை. பாட்டு எத்தனை கட்டையில இருக்கு?

கார்த்தி: ஏ மைனர். உங்க கணக்குல ஆறு கட்டை.

அத்தை: அவ்வளவு ஏத்தி முறுக்கினா தந்தி அறுந்துடும். இருக்கற ஸ்ருதிலயே வேற இடத்தை ஷட்ஜமா வச்சுக்கிட்டு வாசிக்கலாம். ஆனா தாளத் தந்தி ச-ப-ச-னு பக்கத்துலயே பேசிக்கிட்டு இருக்குமே, அதோட ஒட்டாது. பாட்டை நீங்க மூணு கட்டைக்கு இறக்குங்க.

நித்யாக்கா: சரி அத்தை, ஈ மைனர். அதுவே முடிவு. கார்த்தி, கிடாருக்கும் ஈ மைனர்தான் சுகம்.

செவ்வாய்

நித்யாக்கா: ராத்திரி மரியோவை வச்சு உக்காந்திருந்தேன். இதை எல்லாரும் படிங்க, அவ்வளவு அழகா இருக்கு. கோஜி கோண்டோ 1985-ல போட்ட அந்தப் பாதாளப் பாட்டு ரொம்பச் சின்னது. ஆறு ஸ்வரம். ஒவ்வொண்ணும் கீழ ஒண்ணு, ஒரு ஸ்தாயி மேல ஒண்ணுன்னு ஜோடியா வரும். சி சி, ஏ ஏ, பி-ஃபிளாட் பி-ஃபிளாட். அப்புறம் கொஞ்சம் மௌனம். மறுபடி அதே. அப்புறம் அதே உருவம் எஃப்லேர்ந்து. இதை மூணு அரை ஸ்வரம் கீழ இறக்கிப் பார்த்தேன். எல்லா ஸ்வரமும் நம்ம ஈ மைனருக்குள்ளயே விழுது! ஒண்ணுகூட வெளிய போகல.

அத்தை: எங்க, ஸ்வரமாச் சொல்லு.

நித்யாக்கா: முதல் பாதி ம ரி க. ரெண்டாவது பாதி நி ப த.

அத்தை: அட! கேக்கறதுக்கு சம்பந்தமே இல்லாத ரெண்டு பாட்டு, ஒரே மேளத்துல, ஒரே தாய் ராகத்துல உக்காந்திருக்கே.

கார்த்தி: அப்ப மரியோ கீழ பாஸா போகட்டும், டெட்ரிஸ் மேல போகட்டும்.

ஆதி: அக்கா, ஒண்ணு மட்டும். அந்த மௌனத்தை ரொப்பிடாதீங்க. கேம்ல அங்க இறங்கினதும் இருட்டா இருக்கும், பாட்டு விட்டு விட்டுத்தான் வரும். கேப் இல்லேன்னா அது மரியோவே இல்ல.

நித்யாக்கா: ரொம்ப கரெக்ட் ஆதி. அந்தக் காலத்து நின்டெண்டோ பெட்டில ஒலிக்கு இருந்ததே அஞ்சு சேனல்தான். ரெண்டு பல்ஸ், ஒரு முக்கோண அலை, ஒரு இரைச்சல், ஒரு சாம்பிள். முக்கோணத்துக்கு சத்தத்தைக் கூட்டிக் குறைக்கற வசதிகூடக் கிடையாது. விளையாட்டுல காசு எடுத்தா, குதிச்சா வர்ற சத்தமும் அதே சேனல்களைத்தான் பிடுங்கிக்கும். அவ்வளவு நெருக்கடியில எழுதினதால ஒரு ஸ்வரம்கூட வீணா இருக்காது. மெட்டு தனியா நின்னாலும் நிக்கும். நாம நூறு டிராக் போட முடியுங்கறதுக்காக நூறு போட வேண்டாம், தயவுசெஞ்சு.

சித்தப்பா: எனக்கு வேலை உண்டா இதுல? கஞ்சிரா சும்மாதான் தூங்குது.

நித்யாக்கா: சித்தப்பா, உங்களைத்தான் நெனச்சுட்டு இருந்தேன். கஞ்சிராவோட காசுச் சத்தம் இருக்கே, அது அப்படியே அந்த இரைச்சல் சேனல் மாதிரி. டிரம் செட்டே வேண்டாம்.

சித்தப்பா: தோலுக்குத் தண்ணி தடவி நல்லா இறக்கி வச்சுக்கறேன். பாஸ் நிக்கற இடத்துல ஒரு கும்கி, அந்த வளைஞ்சு போற கனமான அடி, கொடுத்தா?

ஆதி: அப்பா, கேப்புல வேண்டாமே!

சித்தப்பா: முழுசா இல்லடா. நாலு தடவைக்கு ஒரு தடவை, மௌனம் முடியற நேரத்துல மட்டும். அப்பதான் அந்த மௌனம் இருக்கறதே தெரியும்.

ஆதி: அது ஓகே.

புதன்

கார்த்தி: ரெக்கார்ட் பண்றவங்க கவனத்துக்கு. வேகம் நிமிஷத்துக்கு 132 அடி, தாளம் தட்டற கிளிக் டிராக் அனுப்பியிருக்கேன்.
வயர் இருக்கற இயர்போன்லயே கேளுங்க. ப்ளூடூத்ல சத்தம் லேட்டா வரும், நீங்க தாளத்துல இருந்தாலும் ரெக்கார்ட் ஆனது பின்னாடி இழுக்கும்.
வாட்ஸ்அப்ல வாய்ஸ் நோட்டா அனுப்பவே அனுப்பாதீங்க, நசுக்கிடும். வேவ் ஃபைலா டாக்குமென்ட்ல போடுங்க. எம்பி3 வேண்டாம், அதுல தொடக்கத்துல துளி மௌனம் சேர்ந்துடும், ஒண்ணோட ஒண்ணு பொருந்தாது.
வாசிக்க ஆரம்பிக்கறது நடுவுலன்னாலும் கிளிக்கோட முதல் அடிலேர்ந்தே ஃபைல் இருக்கட்டும்.

அத்தை: ஃபேனை நிறுத்தணுமா?

கார்த்தி: ஆமா அத்தை. துணி அலமாரி இருக்கற ரூம்ல உக்காந்து வாசிச்சா இன்னும் நல்லது, எதிரொலி குறையும். மைக்கை குடத்துக்கு நேரா வைக்காம, மீட்டற கைக்குக் கொஞ்சம் தள்ளி.

பெரியம்மா: அலமாரி ரூம்ல நான் வடாம் வச்சிருக்கேன், எடுத்துடறேன் இரு.

வெள்ளி

கார்த்தி: முதல் கலவை. 🎵 *ஆடியோ*
முதல் பகுதி எனக்கே மெய் சிலிர்க்குது. ஆனா ரெண்டாவது பகுதி, அந்த மெதுவா இறங்கற இடம், அங்க எதோ புளிக்குது. வீணையும் சரி, பாஸும் சரி. தனித்தனியா கேட்டா குறை இல்ல.

நித்யாக்கா: எனக்கும் அதேதான். ஈக்யூல கனத்தையும் கீச்சையும் கூட்டிக் குறைச்சுப் பார்த்தேன், போகல.

அத்தை: ஈக்யூவுல போகாது கண்ணா. அங்க ராகமே மாறுது. முதல் பகுதி நடபைரவின்னு சொன்னேன் இல்ல? ரெண்டாவது பகுதி ப க ம ரி க ச நி ரி. அந்த நிஷாதம் காகலி, உயர்ந்த நி. அதாவது கீரவாணி ராகம். 20-ஆவது மேளத்துலேர்ந்து 21-க்கு ஒரே ஒரு ஸ்வரம்தான் வித்தியாசம், ஆனா அது அரை ஸ்வரம். அதே நேரத்துல கீழ உங்க மரியோ நி ப த-ன்னு கைசிகியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறான். ரெண்டு நிஷாதமும் ஒரே மூச்சுல வந்தா புளிக்காம என்ன செய்யும்?

கார்த்தி: அத்தை!! 🙏🙏

நித்யாக்கா: அப்ப பாஸோட நியை அரை ஸ்வரம் ஏத்திடலாமா?

ஆதி: ஏத்தி வாசிச்சுப் பார்த்தேன் கீபோர்டுல. உருவம் உடைஞ்சுடுது அக்கா. மரியோன்னு யாரும் சொல்ல மாட்டாங்க.

அத்தை: பையன் சொல்றது நியாயம். மரியோவை அங்க ஓய்வெடுக்கச் சொல்லுங்க. அந்தப் பகுதிக்கு வீணையும் கஞ்சிராவும் போதும். என் தாளத் தந்தி கீழ ஷட்ஜம் பிடிச்சுக்கும்.

சித்தப்பா: அக்கா, அந்த இடத்துல நான் திஸ்ரம், மூணு மூணா போடட்டுமா? மெட்டு நீளநீளமா வருது, நாலு நாலா சதுஸ்ரத்துல காலியாத் தெரியும்.

அத்தை: போடு போடு. மெட்டு அசையாம இருக்கும், நீ உள்ள ஓடு.

கார்த்தி: அது முடிஞ்சு மறுபடி முதல் பகுதிக்கு வரணுமே, எப்படி வர்றது? திடீர்னு பாஸ் குதிச்சா முரட்டுத்தனமா இருக்கும்.

ஆதி: மரியோ பாட்டோட வால்! கடைசில அரை அரை ஸ்வரமா சறுக்கி இறங்குமே, அதைப் போடுங்க. அதுல எல்லா ஸ்வரமும் இருக்கு, எந்த ராகத்துக்கும் சொந்தமில்ல.

நித்யாக்கா: ஆதி, நீ பதினாலு வயசுலயே இப்படி யோசிக்கறியே. கார்த்தி, அதை கிடார்ல வாசி. நம்ம பாட்டோட நடுப்புள்ளியே அதுதான் இனிமே.

சனி

கார்த்தி: கிடார் வாசிச்சாச்சு. ஒரு விஷயம் தீர்மானிச்சுட்டேன், சொல்லிடறேன். முதல் பகுதில நான் போட்டிருந்த கிடார் கார்டு, அந்தப் பல ஸ்வரம் சேர்ந்து வர்ற மீட்டல் எல்லாத்தையும் எடுத்துட்டேன். வீணையும் கிடாரும் ஒரே இடத்துல நின்னு முட்டுது. வீணைக்குக் குரல் மாதிரி ஒரு வால் இருக்கு, மீட்டினப்புறம் ஸ்வரம் வளைஞ்சு போகுது பாருங்க, கார்டு இருந்தா அது கேக்கவே இல்ல. இப்ப கிடார் அந்தச் சறுக்கலுக்கும் கடைசிச் சுற்றுக்கும் மட்டும்.

அத்தை: உன் கை வேலையை ஏண்டா எடுத்த? நல்லா இருந்துச்சே.

கார்த்தி: கேளுங்க அத்தை, அப்புறம் சொல்லுங்க. 🎵 *ஆடியோ*

அத்தை: …

அத்தை: நல்லா இருக்குடா. ரெண்டாம் தடவை ம-லேர்ந்து த-வுக்கு ஏறும்போது நான் இழுத்துக் கொடுத்த ஜாருகூட கேக்குது.

பெரியம்மா: நான் சமையலறைலேர்ந்து கேட்டேன். எனக்கு கேமும் தெரியாது, மேளமும் தெரியாது. ரெண்டு தடவை போடச் சொன்னேன்.

நித்யாக்கா: கார்த்தி, ஃபைலை ஏத்தும்போது சத்தம் உச்ச வரம்புல முட்டாம கொஞ்சம் இடம் விடு. சத்தத்தை நெரிச்சு ஏத்தி ஜெயிக்க வேண்டாம். இருட்டு வேணும் இந்தப் பாட்டுல.

செவ்வாய்

நித்யாக்கா: எல்லாப் பாட்டும் வந்துடுச்சு. எதிர் டீமோடது இதோ. 🎵 *ஆடியோ*
நம்ம பாட்டுக்கு நாமே ஓட்டுப் போட முடியாது. ஆனா ஒவ்வொரு பாட்டுக்கும் கருத்து எழுதியே ஆகணும், அது கட்டாயம்.

ஆதி: இவங்க தலைகீழாப் பண்ணியிருக்காங்க! மரியோ மேல பியானோல மெதுவா. டெட்ரிஸ் எங்க?

அத்தை: கீழ கேளு. பாஸ் ப க ம ரி க ச நி ரி-ன்னு நீளமா நகருது. டெட்ரிஸோட ரெண்டாவது பகுதியை அப்படியே அடித்தளமா வச்சிருக்காங்க.

கார்த்தி: ஐயோ ஆமா! அப்ப அந்தக் காகலி நிஷாதம்? மேல மரியோவோட முட்டணுமே?

அத்தை: முட்டல. நல்லா கேளு. அவங்க மரியோவுல முதல் பாதியை மட்டும்தான் எடுத்திருக்காங்க. ம ரி க. அதுல நிஷாதமே கிடையாது.

நித்யாக்கா: அத்தை… நாம மரியோவை நிறுத்திக் கடந்த இடத்தை, அவங்க பாதியை எடுத்துட்டுக் கடந்திருக்காங்க.

சித்தப்பா: ரொம்ப நல்ல காது இருக்கற ஆளு யாரோ இருக்காங்க அந்த டீம்ல.

கார்த்தி: கருத்து யார் எழுதறது? அத்தை, நீங்க சொல்லுங்க, நான் இங்கிலீஷ்ல எழுதி அனுப்பறேன்.

அத்தை: எழுதிக்கோ. "உங்க பாஸைக் கேட்டதும் நிமிர்ந்து உக்காந்தேன். ரெண்டு பாட்டுக்கும் நடுவுல ஒரே ஒரு ஸ்வரம்தான் சண்டை போடுது, அதை எங்க வச்சா சண்டை வராதுன்னு நீங்க கண்டுபிடிச்சிருக்கீங்க. பியானோ ஒவ்வொரு தடவையும் விட்டு நிக்கற இடத்துல கையை எடுத்துடாம அப்படியே கரைய விடறீங்க, அது எனக்குப் பிடிச்சிருக்கு. ஒரு யோசனை: கடைசிச் சுற்றுல பாஸை ஒரு தடவை மேல் ஸ்தாயில கொண்டுவாங்க. முதல் தடவை கேக்குறவங்களுக்கு டெட்ரிஸ் அங்கதான் பிடிபடும்."

கார்த்தி: எழுதிட்டேன். வேற ஏதாவது சேக்கணுமா?

சித்தப்பா: பாஸ் வாசிச்சவங்க பேரைக் கேளு. அடுத்த சுற்றுல டீமைக் கலைச்சுப் போட்டா, நம்ம பக்கம் இழுக்கணும்.