அந்த 2.1 நொடியில் பந்தை எறிந்தவரை ஏன் யாரும் மறிக்கவில்லை?

கூடைக்காரன்: 1992-இல் டியூக் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டியன் லேட்னர் கென்டக்கி பல்கலைக்கழகத்துக்கு எதிராகக் கடைசி நொடியில் போட்ட கூடைதான் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் ஆகப் பெரிய சாதனை என்று நேற்று நீலச்சட்டை எழுதியிருந்தார். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. கூடுதல் நேரத்தில் ஷான் வுட்ஸ் பலகையில் பட்டு விழச் செய்த கூடையால் கென்டக்கி 103-102 என்று முன்னால் இருந்தது, மிச்சம் 2.1 நொடி. மறுகோடியில் எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்ற டியூக் வீரர் கிராண்ட் ஹில், கையை முழுவதும் வீசி, ஏறத்தாழ 75 அடி தூரம் பந்தை எறிந்தார். அவருக்கு முன்னால் ஓர் ஆள்கூட இல்லை. கென்டக்கியின் பயிற்சியாளர் ரிக் பிட்டினோ கோட்டை வாசலைத் திறந்துவிட்டுப் போனதற்கு லேட்னருக்கு எதற்கு மாலை?

நீலச்சட்டை: வாசல் திறந்திருந்ததா? லேட்னரின் மேல் பெல்ஃப்ரி, ஃபெல்ட்ஹவுஸ் என்று கென்டக்கி வீரர்கள் இரண்டு பேர் நின்றார்கள். எறிபவரை விட்டுவிட்டு அந்த ஆளைக் கூடைக்கருகே அனுப்பியது பிட்டினோ போட்ட கணக்கு. லேட்னர் கூடைக்கு முதுகு காட்டியபடி பந்தைப் பிடித்து, வலப்பக்கம் போவதுபோல் போக்குக் காட்டி, ஒரு முறை தரையில் தட்டி, இடப்பக்கம் திரும்பி எறிந்தார். இரண்டு நொடிக்குள் பந்தைத் தட்டுவதற்கு எவருக்குத் துணிவு வரும்? அன்று அவர் களத்திலிருந்து எறிந்த 10 பந்தும் கூடையில் விழுந்தன, எதிரணி விதி மீறியதால் மறிப்பில்லாமல் எறியக் கிடைத்த ஃப்ரீ த்ரோ 10-உம் விழுந்தன. மொத்தம் 31 புள்ளிகள்.

கூடைக்காரன்: நான் கேட்டது ஹில்லைப் பற்றி, தாங்கள் சொல்வது லேட்னரைப் பற்றி. அந்த இரண்டு பேரும் நின்றார்களே தவிர மறிக்கவில்லை. மேலே பட்டு ஃபவுல் (விதிமீறல்) ஆகிவிடுமோ என்ற அச்சத்தில் விலகி நின்றார்கள். 28 புள்ளிகள் எடுத்த கென்டக்கியின் மேஷ்பர்ன் ஐந்தாவது ஃபவுலோடு வெளியேறியிருந்ததையும் மறந்துவிட வேண்டாம். அதே ஆண்டு பிப்ரவரியில் வேக் ஃபாரஸ்டுக்கு எதிராக டியூக் இதே உத்தியை முயன்றபோது ஹில் எறிந்த பந்து வளைந்து போய், அதைப் பிடிக்கப் போன லேட்னர் கோட்டை மிதித்துவிட்டார். ஆகவே கடினமான வேலை எறிவதுதான். அதை எளிதாக்கியவர் பிட்டினோ. உயரமான ஒருவர் கைகளை உயர்த்தி அங்கே நின்றிருந்தால் கதையே வேறு.

வெண்பலகை: இருவரும் முதன்மையானதை விட்டுவிட்டீர்கள். அதே ஆட்டத்தில் முன்னதாகக் கீழே விழுந்து கிடந்த கென்டக்கி வீரர் அமினு டிம்பர்லேக்கின் மார்பில் லேட்னர் காலை வைத்தாரே, அப்போதே அவரை வெளியேற்றியிருந்தால் இந்தக் கடைசி நொடியே வந்திருக்காது.

நீலச்சட்டை: நடுவர்கள் அதற்கு டெக்னிக்கல் ஃபவுல் (ஒழுங்கீனத்துக்கான தண்டனை) கொடுத்தார்கள், டிம்பர்லேக்கே கைதட்டிக்கொண்டு எழுந்தார். அவருக்கு இல்லாத வலி தங்களுக்கு எதற்கு, ஐயா?

மேற்குக்கரை: ஒரு கூடைக்கு இத்தனை ஆரவாரமா? யூசிஎல்ஏ பல்கலைக்கழகப் பயிற்சியாளர் ஜான் வுடன் 12 ஆண்டுகளில் 10 பட்டங்கள் வென்றார், அவற்றில் 7 தொடர்ச்சியாக. டியூக்கின் பயிற்சியாளராக இருந்த கோச் கே தம் பணிக்காலம் முழுவதிலும் வென்றவை ஐந்து.

கூடைக்காரன்: வுடனுக்குத் தனித் திரி தொடங்கிக்கொள்ளுங்கள். எறிந்தவர் முன்னால் ஏன் ஆள் இல்லை என்பதற்கு இன்னும் எவரும் விடை சொல்லவில்லை.

நீலச்சட்டை: விடை சொல்லியாயிற்று, தங்களுக்குப் பிடிக்காத விடை என்பதால் அது விடையில்லை என்று ஆகிவிடாது. பிட்டினோவின் மேல் பழியைப் போடுகிறீர்களா, அவருக்காக அழுகிறீர்களா என்பதும் விளங்கவில்லை. பிறகு லூயிவில் பல்கலைக்கழகத்தில் அவர் வென்ற 2013 பட்டமே பின்னாளில் பறிக்கப்பட்டது, நினைவிருக்கிறதா?

கூடைக்காரன்: விவாதத்தில் சரக்குத் தீர்ந்தவர்கள்தாம் இப்படி ஆளைத் தாக்கத் தொடங்குவார்கள். கென்டக்கியில் அவர் 1996-இல் வென்ற பட்டத்தை எவரும் பறிக்கவில்லை. விதிமீறலுக்காகக் கென்டக்கி அணிக்கு விதிக்கப்பட்ட தடைக்காலத்திலும் அணியைவிட்டு ஓடாமல் நின்ற பெல்ஃப்ரி, ஃபெல்ட்ஹவுஸ், வுட்ஸ், ஃபார்மர் நால்வரின் சட்டைகளும் இன்றைக்கும் கென்டக்கி அரங்கின் உச்சியில் தொங்குகின்றன. தோற்றவர்களுக்கு அந்த மதிப்பு ஏன் கிடைத்தது என்று டியூக் விசிறிகளுக்குப் புரியாது. 1998-இல் 17 புள்ளிகள் பின்தங்கியிருந்தும் டியூக்கை 86-84 என்று கென்டக்கி வீட்டுக்கு அனுப்பியதைப் பற்றி மட்டும் தாங்கள் ஏன் ஒருபோதும் எழுதுவதில்லை?

நீலச்சட்டை: 1998-இல் அணியை நடத்தியவர் டபி ஸ்மித். பிட்டினோ அப்போது பாஸ்டன் செல்டிக்ஸ் என்ற தொழில்முறை அணியில் இருந்தார். ஊரார் பிள்ளையைத் தம் பிள்ளை என்று சொல்லிக்கொள்ளும் பழக்கம் கென்டக்கிக்காரர்களுக்கு என்றும் போகாது.

கூடைக்காரன்: அணி கென்டக்கியுடையது, பயிற்சியாளர் வருவார், போவார். ஹில்லுக்கு முன்னால் ஒரு ஆள், ஒரே ஒரு ஆள் இருந்திருந்தால், மிச்சிகனை 71-51 என்று வென்று 1992 பட்டத்தைத் தூக்கியிருக்கும் வாய்ப்பே டியூக்குக்குக் கிடைத்திருக்காது.

வெண்பலகை: டிம்பர்லேக்கை மிதித்ததைப் பற்றிக் கூடைக்காரன் இன்னும் ஒரு சொல்கூடச் சொல்லவில்லை என்பதை அனைவரும் கவனிக்க வேண்டுகிறேன்.