மலைச்சரிவு மேய்ச்சல் நிலம்: கல்லைப் பொறுக்கிவிட்டால் மண் நல்லதாகிவிடுமா?

செம்மண்_ஈசூன்

வணக்கம். இங்கே மண் வேலை பார்ப்பவர்களும் விவசாயம் படித்தவர்களும் சிலர் இருப்பதால் கேட்கிறேன். ஒட்டன்சத்திரத்துக்குத் தெற்கே, பழனி மலை அடிவாரத்தில் எங்கள் குடும்பத்துக்கு ஆறு ஏக்கர் சரிவு நிலம் இருக்கிறது. தாத்தா காலத்திலிருந்து ஆடு மாடு மேய்வதைத் தவிர அங்கே எதுவும் நடந்ததில்லை. எங்கே பார்த்தாலும் கல்தான். சின்னச் சரளையில் தொடங்கி இரண்டு ஆள் சேர்ந்து தள்ளினாலும் அசையாத கல் வரை கிடக்கும்.

இப்போது ஊரில் இருக்கும் மச்சான், ஜேசிபி விட்டுக் கல்லையெல்லாம் ஓரத்தில் தள்ளிச் சமன் செய்து மா வைக்கலாம் என்கிறார். மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுத்து மண்வள அட்டையும் வாங்கிவிட்டார். கார அமில நிலை 7.6, உப்பு இல்லை, கரிமம் 0.6 சதவீதம், மணல் கலந்த செம்மண். ‘அட்டையில மண்ணு நல்லா இருக்கு, கல்லுதான் தொந்தரவு’ என்பது அவர் கட்சி. ஆனால் மண் அவ்வளவு நல்லது என்றால், நல்ல மழை பெய்த பத்தே நாளில் புல் ஏன் காய்ந்து போகிறது? நான் சிங்கப்பூரில் இருந்துகொண்டு பணம் அனுப்பும் ஆள், அதனால்தான் யோசிக்கிறேன்.

பிடோக்_தோட்டக்காரர்

தம்பி, அட்டை பொய் சொல்லவில்லை. ஆனால் அது உங்கள் நிலத்தைப் பற்றிப் பேசவில்லை, நிலத்தில் சலித்தெடுத்த பகுதியைப் பற்றி மட்டும் பேசுகிறது. ஆய்வகத்தில் முதல் வேலையே மண்ணை உலர்த்தி 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலிப்பதுதான். மேலே நிற்பதை ஒதுக்கிவிடுவார்கள். கீழே விழுந்ததில்தான் அந்த 7.6, 0.6 எல்லாம். வயல் மண்ணில் இதனால் பெரிய வித்தியாசம் வராது. மலைச்சரிவில் பாதிக்குப் பாதி கல்லாக இருக்கும்போது அந்த எண்களை அப்படியே நம்பினால் கணக்கு தப்பிவிடும்.

தண்ணீரை வைத்துப் பாருங்கள். மணல் கலந்த வண்டல் ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்குச் சுமார் 1.2 மி.மீ. தண்ணீரைச் செடிக்குக் கிடைக்கிற மாதிரி பிடித்து வைக்கும். உங்கள் சரிவில் பாறைக்கு மேல் 45 செ.மீ. மண் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால் 54 மி.மீ. வர வேண்டும். அதில் பாதி கல் என்றால் 27 மி.மீ.தான். வெயில் காலத்தில் நாளொன்றுக்கு 5 மி.மீ. போகிறது என்றால் ஐந்தாறு நாளில் இருப்பு தீர்ந்துவிடும். தண்ணீர் குறையக் குறையப் புல் தன் செலவைச் சுருக்கிக்கொள்வதால் பத்து நாள் வரை இழுக்கிறது. கரிமத்துக்கும் சத்துக்கும் இதே கழிவுதான். நடுத்தரம் என்று அட்டை சொல்லும் 0.6, ஏக்கர் கணக்கில் பார்த்தால் பாதியாகிவிடும்.

ஆழம் எவ்வளவு, கல் எத்தனை பங்கு என்பதை நானும் ஊகமாகத்தான் போட்டிருக்கிறேன். நிஜக் கணக்கு வேண்டுமானால் மச்சானைக் கடப்பாரை எடுக்கச் சொல்லுங்கள். சரிவின் மேலே ஒன்று, நடுவில் ஒன்று, அடியில் ஒன்று என்று குழி போட வேண்டும். ஒவ்வொன்றிலும் அளவு தெரிந்த ஒரு வாளி மண்ணைக் கல்லோடு சேர்த்து எடுத்துச் சலித்து, கல்லை மட்டும் விளிம்பு வரை நிரப்பிய தண்ணீர்த் தொட்டியில் போட்டால் வழிகிற தண்ணீர்தான் கல்லின் பருமன். எடை பார்த்து ஏமாறக் கூடாது, கல் கனமானது என்பதால் எடையில் பங்கு கூடுதலாகத் தெரியும். அமெரிக்க வகைப்பாட்டில் பருமனில் 35 சதவீதத்துக்கு மேல் கல் இருந்தாலே அதைத் தனி வகையாகப் பிரித்துவிடுவார்கள். நெவாடா, யூட்டா பக்கத்து மலைச்சரிவுகளில் இப்படி ஏராளம். நிலத்திறனை எட்டு வகுப்பாகப் பிரிக்கும் அவர்கள் முறையில் இவை பெரும்பாலும் 6, 7ஆம் வகுப்பில் விழும். அதாவது ஏர் வேண்டாம், மேய்ச்சலுக்கோ காட்டுக்கோ விடலாம் என்று அர்த்தம்.

இன்னொன்று. ஊருக்குப் போகும்போது மத்தியானம் மூன்று மணி வெயிலில் அங்கே ஒரு தட்டைக் கல்லைப் புரட்டிப் பாருங்கள். சுற்றிலும் மண் தூளாகப் பறக்கும்போது கல்லின் அடியில் மட்டும் கறுத்து ஈரமாக இருக்கும், வெள்ளை நூல் மாதிரி புல்வேர்கள் கல்லின் அடிப்பக்கத்தை ஒட்டிப் படர்ந்திருக்கும், கூடவே பூரானும் இருக்கும், கை ஜாக்கிரதை. அந்த ஈரத்தை நம்பித்தான் அந்தப் புல் பிழைக்கிறது. கல்லைத் தள்ளிவிட்டால் அதையும் சேர்த்துத் தள்ளுகிறீர்கள்.

போர்லாக்_பாண்டியன்

நான் இங்கே கட்டுமானத்துக்கு மண் துளையிட்டுப் பார்க்கும் வேலை. பயிர் பச்சை எனக்குத் தெரியாது, சரிவு தெரியும்.

இங்குள்ள புக்கித் தீமாவும் கருங்கல் மலைதான், ஆனால் துளை போட்டால் பல இடங்களில் மீட்டர் கணக்கில் சிவந்த களிமண் வந்துகொண்டே இருக்கும், பாறை கிடைக்க வெகுநேரமாகும். வருடத்துக்கு 2,000 மி.மீ.க்கு மேல் மழை, வருடம் முழுக்க வெப்பம், மேலே அடர்ந்த காடு. பாறை அடியாழம் வரை மக்கிக்கொண்டே போகும், மக்கியதைக் காடு பிடித்து வைத்திருக்கும். உங்கள் பக்கம் 700, 800 மி.மீ. இருக்கும், அதிலும் ஐப்பசி கார்த்திகையில்தான் பெரும்பகுதி கொட்டும். பாறை மெதுவாக மக்குகிறது, மக்கிய பொடியை அடுத்த பெருமழை அடித்துக்கொண்டு போகிறது, கல் நின்றுவிடுகிறது. அதனால்தான் மேல்சரிவில் மண் விரல்கடை ஆழம்கூட இல்லாமல் இருக்கும், அடிவாரத்தில் மேலேயிருந்து உருண்டதும் வழிந்ததும் சேர்ந்து ஆழமாக இருக்கும். ஆறு ஏக்கர் என்றாலும் அது ஒரே மண் இல்லை.

சாய்வு எவ்வளவு? ஒரு மீட்டர் சட்டத்தின் ஒரு முனையை மேல்பக்கத் தரையில் வைத்து மட்டமாகப் பிடித்து, மறு நுனியிலிருந்து தரை எத்தனை சென்டிமீட்டர் கீழே இருக்கிறது என்று அளந்தால் அதுவே சதவீதம். கைப்பேசிச் செயலி பாகையில் காட்டும், குழப்பிக்கொள்ளாதீர்கள், 40 சதவீதம் என்பது 22 பாகைதான். 30 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அந்தச் சரிவில் ஜேசிபி வெட்டுகிற ஒவ்வொரு படியும் முதல் பெருமழையிலேயே வாய்க்காலாகிவிடும். அப்புறம், அந்தக் கிராமம் ஹாகா (மலைப் பகுதிப் பாதுகாப்பு ஆணையம்) பட்டியலில் இருக்கிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேளுங்கள். இருந்தால் மண் வெட்டிச் சமன் செய்யவே முன் அனுமதி வேண்டும்.

உட்லண்ட்ஸ்_மாமரம்

எல்லாரும் பயமுறுத்துகிறீர்களே. தேனிப் பக்கம் எங்கள் சித்தப்பா இதே மாதிரி கல்லுக்காட்டில்தான் மா வைத்தார், சொட்டுநீர் போட்டார், நன்றாகக் காய்க்கிறது. கல்லைப் பொறுக்காமல் யார் தோட்டம் வைத்தது?

பிடோக்_தோட்டக்காரர்

சித்தப்பா தோட்டத்தில் அடிப்பாறை வெடிப்பு விழுந்த பாறையாக இருக்கும், மா வேர் அந்த வெடிப்புகளுக்குள் இறங்கிவிடும். மேலே மண் கொஞ்சமாக இருந்தாலும் மரம் நிற்கும். வெடிப்பில்லாத முழுப்பாறை என்றால் முதல் சில வருடம் தளதளவென்று வந்துவிட்டு அப்புறம் நுனியிலிருந்து காய ஆரம்பிக்கும். கடப்பாரையால் குத்தினால் சத்தத்திலேயே தெரியும், கணீரென்று கேட்டால் ஆசையை விட்டுவிடலாம், சொத்தென்று பொடிந்து உள்ளே இறங்கினால் அந்த இடத்தில் ஒரு மீட்டர் குழி எடுத்து வைத்துப் பார்க்கலாம். அப்படி மக்கிய கல் தானும் கொஞ்சம் தண்ணீரைப் பிடித்து வைக்கும், என் கணக்கில் அதைச் சேர்க்கவில்லை. அதற்கும் குழிக்குழியாகத்தான் எடுக்க வேண்டும், மொத்தச் சரிவையும் வழிக்க வேண்டியதில்லை. சொட்டுநீருக்கு ஆழ்குழாய்க் கிணறு போட்டுத் தண்ணீர் வந்தால்தானே இந்தப் பேச்செல்லாம்.

மூலனூர்க்காரி

எங்கள் பக்கம் கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலம் உண்டு. சரளைக்காட்டைச் சுற்றிக் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப்புல், அங்கங்கே வெள்வேல மரம். அது சமநிலம்தான், சரிவு வேறு என்பது தெரியும், ஆனால் கல்லோடு புல் வளர்க்கிற பழக்கத்தை அங்கே பார்த்துப் படிக்கலாம்.

அண்ணா, கல்லைவிட முக்கியம் எப்போது மேய்க்கிறீர்கள் என்பது. மேலே சும்மா உட்கார்ந்திருக்கும் கல் நல்லது, மழைத்துளி மண்ணை நேராக அடிக்காது, கல்லின் ஓரமாகவும் அடியிலும் தண்ணீர் உள்ளே இறங்கும். அதே கல் இறுகிய மண்ணில் பாதி புதைந்துவிட்டால் ஓடு வேய்ந்த மாதிரிதான், விழுந்த தண்ணீரெல்லாம் சரிவில் ஓடிவிடும். ஈர மண்ணில் மாட்டை விட்டால் குளம்பு கல்லை அழுத்திப் புதைத்து மண்ணையும் இறுக்கிவிடும். அதனால் நல்ல மழைக்குப் பிறகு சில நாள் கட்டிப்போட்டு, மேல் மண் காய்ந்து புல்லும் தலையெடுத்த பிறகு விடுவார்கள். கொழுக்கட்டைப்புல் விதை கொட்டும் வரை ஒரு பகுதியை அடைத்து வைப்பதும் உண்டு. உதிர்ந்த விதை கல் இடுக்கில் சிக்கி, அடுத்த மழைக்கு அங்கிருந்துதான் முளைக்கும். வெள்ளாட்டை வருடம் முழுக்க அவிழ்த்துவிட்டால் புல்லோடு செடியும் போய்விடும், மிஞ்சுவது உண்ணிச்செடிதான்.

கை சும்மா இருக்கவில்லை என்றால், தண்ணீர் அரித்த பள்ளங்களில் மட்டும் தளர்ந்து கிடக்கும் கல்லை எடுத்துச் சரிவுக்குக் குறுக்கே முழங்கால் உயரத்துக்குக் கல்வரப்பு போடச் சொல்லுங்கள். வண்டல் அதன் பின்னால் சேரும், மரம் வைக்க ஆசை இருந்தால் அங்கே வைக்கலாம். புதைந்து கிடக்கும் கல்லைத் தோண்டாதீர்கள், தோண்டிய இடத்திலிருந்துதான் அடுத்த அரிப்பு கிளம்பும்.

செம்மண்_ஈசூன்

எல்லாருக்கும் நன்றி. நேற்று இரவே மச்சானிடம் பேசினேன். சட்டம் வைத்து அளந்ததில் நடுச்சரிவில் 38, அடிவாரத்தில் 12 வந்திருக்கிறது. கீழே ஒன்றரை ஏக்கர் போல மண் ஆழமாகத் தெரிகிறதாம், மா வைப்பதானால் அங்கே மட்டும் குழி எடுத்துப் பார்க்கலாம் என்று இறங்கி வந்திருக்கிறார். மேலே கை வைப்பதில்லை என்பதற்கும் ஒருவழியாகத் தலையாட்டிவிட்டார். ஜேசிபிக்காரருக்கு ஏற்கெனவே முன்பணம் கொடுத்துவிட்டாராம், அதைத் திரும்ப வாங்குவதுதான் இப்போதைக்குப் பெரிய வேலை.

பாண்டியன் அண்ணே, ஹாகா பட்டியல் விஷயத்தைத் திங்கட்கிழமை விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன். மூலனூர் அக்கா, கொழுக்கட்டைப்புல் விதை உங்கள் ஊரில் எந்த மாதம் கிடைக்கும் என்று மட்டும் சொல்லுங்கள்.

மூலனூர்க்காரி

மழை முடிந்து கதிர் முற்றியதும், தை வாக்கில். கடையில் தேட வேண்டாம், கொறங்காடு வைத்திருப்பவர்களிடம் கேட்டால் உருவிக் கொடுப்பார்கள். எடுத்தவுடன் விதைத்தால் சரியாக முளைக்காது, சாக்கில் கட்டிச் சில மாதம் போட்டுவைத்து ஆடி ஆவணி மழைக்குத் தூவச் சொல்லுங்கள்.